திருத்தம் என்னும் சொல் எங்கே போயிற்று?

(கோடம்பாக்கத்தில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இக்கூட்டத்தை அமைத்தவர்கள் ‘ஆங்கில அடைமொழிகளும் தமிழ் அடைமொழிகளும்’ என்று எனக்கு ஒரு தலைப்புத் தந்தார்கள். அது கடல். கடலை ஒரு மாலைப்பொழுதில் இறைத்துவிட முடியாது. ஆகவே, ஒழுங்கையும் துப்புரவையும் குறிக்கின்ற அடைமொழிகளை மட்டுமே இன்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றைத் தேர்ந்தமைக்கு ஒரு கரணியம் உண்டு. அஃது என் வகுப்பறையில் நிகழ்ந்தது. என்னைத் தலைகுனிய வைத்தது.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி. பெயர் வேண்டா. அவள் தந்தை இல்லை. தாய் கோடம்பாக்கம் தொடர்வண்டி நிலையத்திற்குப் போகும் வழியில் பூக்கட்டி விற்பவர். அச்சிறுமியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒருநாள் அவள் எழுதிய கட்டுரை ஏட்டின் அடியில், சிவப்பு மையில், ‘எழுத்து மிகத் திருத்தம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. இடைவேளையில் ஏட்டை எடுத்துக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றாள்.

“ஐயா, எந்த எழுத்துல தப்புன்னு சொல்லுங்க ஐயா. மூணு தடவை பார்த்துட்டேன், தெரியல. திருத்தி எழுதிட்டு வரேன்.”

“தப்பு ஒன்றும் இல்லையம்மா. அழகாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டித்தானே எழுதினேன்!”

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அப்போ ‘நீட்’டுன்னு போட்டிருக்கலாமே ஐயா.”

அன்பர்களே! ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். புலவர் பட்டமும் பெற்றவன். ஒரு தமிழ்க் குழந்தையைத் தமிழில் பாராட்டினேன். அப்பாராட்டு அவள் காதில் கண்டனமாக விழுந்தது. ஓர் இரவெல்லாம் அவளை அழவைத்தது. அவளுக்கு அதனை விளக்கவும் ஆங்கிலச் சொல் ஒன்று தேவைப்பட்டது. இதைவிட ஒரு தமிழாசிரியனுக்கு வேறென்ன இழிவு வேண்டும்?

அன்று மாலை வீடு திரும்பினேன். என் மனைவியார் உலர்ந்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டு, “நீட்டாக அடுக்கிவிட்டாயே!” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறர் கண்ணில் உள்ள துரும்பை ஊதிக்கொண்டிருப்பவனுக்குத் தன் கண்ணில் உள்ள தூண் தெரியவில்லை என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

நாம் நாள்தோறும் கேட்பதை எண்ணிப் பாருங்கள். கையெழுத்து நீட்டு. வேட்டி மடிப்பு நீட்டு. முடிவெட்டு நீட்டு. கொத்தனார் பூசிய சுவர் நீட்டு. உணவுக்கடை நீட்டு. மாப்பிள்ளைப் பையன் நீட்டு. அண்ணன் தம்பி சண்டையில்லாமல் நிலத்தைப் பிரித்துக்கொண்டால் அதுவும் ‘நீட்டா’ முடிந்ததாம்! சொல்பவருக்கு ஒன்று தோன்றுகிறது, கேட்பவருக்கு ஒன்று தோன்றுகிறது. இருவருக்கும் இடையில் பொருள் என்று ஒன்று நிற்கவில்லை. (இன்றைய இளைஞரிடம் அச்சொல்லைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது 2017ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கைக்குள் புகுந்த நுழைவுத் தேர்வுதான். அதில் நீட்டாக இருப்பது எது என்பதை அவ்விளைஞர்களின் பெற்றோரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டா.)

ஆங்கிலத்தைப் பழிக்க நான் இங்கு வரவில்லை. அம்மொழியை அம்மொழியாகக் கற்பவன் அதன் அடைமொழிகளைக் கண்டு வியக்கத்தான் செய்வான். ‘நீட்’ என்னும் சொல் இலத்தீனத்தில் ஒளிர்வது, பளபளப்பது என்று பொருள்படும் ‘நிதிதுசு’ என்னும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கடைக்காரர் கலத்தின் எடையைக் கழித்து ‘நெட்’ எடை என்கிறாரே, அதுவும் அதன் உடன்பிறப்பே. வேண்டாதன யாவும் கழிந்து எஞ்சி நிற்பது என்பது கருத்து. ‘டைடி’ என்னும் சொல்லுக்கோ வேர் வேறு. அது ‘டைட்’ என்னும் காலப்பெயரிலிருந்து வந்தது. உரிய காலத்தில் அமைந்தது, பருவம் தவறாதது என்பதே அதன் முதற்பொருள். பருவத்தே செய்தது பாங்காக இருக்கும் என்னும் பட்டறிவால் பின்னர் அது பாங்கையே குறிக்கலாயிற்று. ‘ஆர்டர்’ என்பதன் இலத்தீன மூலம் தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்வரிசையைக் குறித்தது என்பர். நம் நெசவாளர் பாவு என்பது அது. கப்பலில் கயிறும் பாயும் அதனதன் இடத்தில் கிடந்தாலன்றிப் புயலில் உயிர் தப்பாது. ஆதலின் கப்பலோட்டிகள், ‘கப்பல் முறைப்படி அமைந்தது’ என்னும் பொருளில் ஓர் அடைமொழியையே ஆக்கி ஊராருக்குக் கொடுத்தார்கள்.

பார்த்தீர்களா? ஒளியில் பிறந்தது ஒன்று. காலத்தில் பிறந்தது ஒன்று. தறியில் பிறந்தது ஒன்று. கப்பலில் பிறந்தது ஒன்று. ஆங்கிலேயன் தன் உழைப்பிலிருந்தும் வாழ்விலிருந்தும் தன் சொற்களை எடுத்தான். எடுத்ததை வேறுபாடு அறிந்து ஆள்கிறான். நாமோ அவன் வீட்டுப் பேழையிலிருந்து ஒரேயொரு சொல்லை உருவிக்கொண்டு வந்து, நம் வீட்டிலிருந்த பத்துப் பதினைந்து சொற்களை வெளியே தள்ளிவிட்டோம். இதில் ஆங்கிலம் செய்த குற்றம் என்ன இருக்கிறது?

வெளியே தள்ளிய சொற்களில் சிலவற்றை இப்போது உள்ளே அழைப்போம்.

ஒழுங்கு என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகு என்பது அதன் வேர். நீர் ஒழுகும், நீர் ஒழுகும்போது ஒன்றன்பின் ஒன்றாக, அறுபடாமல், தன் தடத்தில் செல்லும். அப்படிச் செல்வது ஒழுங்கு. அப்படிச் செல்லும் வாழ்க்கை ஒழுக்கம். ஒழுங்கும் ஒழுக்கமும் உடன்பிறந்தவை என்பதை நம் மொழியே காட்டிக்கொண்டு நிற்கிறது. இவ்வேரிலிருந்து ‘ஒழுக்கு’ என்றொரு சொல்லும் உண்டு. வரிசை என்று பொருள். புறநானூற்றில் கிள்ளிவளவன் சிறுகுடி கிழான் பண்ணனைப் பாடிய பாட்டில் அது வருகிறது. முட்டைகளைச் சுமந்துகொண்டு மேட்டுநிலத்தை நோக்கிச் செல்லும் எறும்புகளின் வரிசையே அந்த ஒழுக்கு. எதற்கு உவமை தெரியுமா? பண்ணன் வீட்டில் சோறு வாங்கிக் கையில் ஏந்திக்கொண்டு செல்லும் சிறுவர் கூட்டத்திற்கு! ஒரு சோழ வேந்தன், தன்னினும் சிறிய ஒரு கிழானின் ஈகையைப் பாட வந்தவன், குழந்தைகள் சோற்றோடு செல்லும் வரிசையில் கண்ணை வைத்தான்.

இந்தப் பாட்டைப் பாடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பள்ளி நண்பகல் உணவு வரிசை நினைவுக்கு வரும். நம் அடுத்த ஊராகிய தியாகராயநகருக்குப் பெயர் தந்த தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் தொடங்கிய ஏற்பாடு அது. 1956இல் காமராசர் காலத்தில் நாடெங்கும் பரவிற்று, 1982இல் ம.கோ.இரா. காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? “லைன்ல நில்லு! க்யூவுல வா!” புறநானூறு அந்தப் பிள்ளைகளுக்கென்றே வைத்திருந்த சொல் ஏட்டுக்குள் உறங்குகிறது.

அடுத்தது செம்மை. இதன் கிளைகளைச் சொல்லத் தொடங்கினால் இரவு முடிந்துவிடும். ஆயினும் சிலவற்றைச் சொல்லாமல் விடமாட்டேன். செம்மை என்பது சிவப்பை மட்டும் குறிப்பதன்று. நேர்மையை, கோணாமையை, குறைவின்மையைக் குறிப்பது. வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். வழுவில்லாத தமிழ் செந்தமிழ். செவ்வை, செவ்வனே, செப்பம், செவ்வி யாவும் அதன் மக்கள். பள்ளம் மேடான சாலையை நிரவுவது செப்பனிடுதல். பழைய இலக்கியத்தில் செப்பம் என்பது நேரான வழியையும் குறிக்கும். வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமை அதிகாரத்தில், ஒருபாற் கோடாத நேர்மைக்கு அச்சொல்லையே ஆள்கிறார். சாலை கோணாமலிருப்பதும் நெஞ்சு கோணாமலிருப்பதும் தமிழனுக்கு ஒரே சொல்!

செவ்வி என்னும் சொல்லைக் கேளுங்கள். அதற்கு அழகு என்றும் பொருள். ஏற்ற காலம் என்றும் பொருள். வள்ளுவர் அடக்கமுடைமையில், அறமே ஒருவனை வந்தடைவதற்கு வாய்ப்பான வேளை பார்த்திருப்பதைச் சொல்லுமிடத்து இச்சொல்லை ஆள்கிறார். சற்றுமுன் ஆங்கில ‘டைடி’ காலத்தில் பிறந்தது என்றேனே, அதே எண்ணவோட்டம் எங்கோ ஒரு தீவில் வாழ்ந்தவனுக்கும் இங்கே வாழ்ந்தவனுக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. ஆயின், அவன் தன் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறான். செவ்வி என்றால் இன்று ‘பேட்டி’ என்னும் பொருளில் இதழ்களில் மட்டும் ஏதோ எஞ்சியிருக்கிறது.

நேர்த்தி என்பது நேர் என்பதிலிருந்து வந்தது. கைத்திறனின் முடிவுநிலை அது. பொற்கொல்லர் இழைத்த வேலை நேர்த்தி. பத்தமடையில் பின்னிய பாய் நேர்த்தி. உழைத்த கை ஒன்று அதன் பின்னால் இருக்க வேண்டும். மழைபெய்து ஓய்ந்த வானத்தை நேர்த்தி என்று யாரும் சொல்லமாட்டார். அது தெளிவு.

பாங்கு என்பது இடமறிந்து பொருந்தியிருப்பது. திட்டம் என்பது கூடாமலும் குறையாமலும் அளவாக இருப்பது. “குழம்பில் உப்புத் திட்டமாக இருக்கிறது” என்பார் என் தாயார். கட்டும் செட்டுமாக நடத்துவது இல்லறத்தின் ஒழுங்கு. படிய வாருவது தலைமுடியின் ஒழுங்கு. ஏறக்கட்டி வைப்பது கழுவிய கலங்களின் ஒழுங்கு. நூல் பிடித்தாற்போல என்பது நட்ட நாற்றுக்கும் கட்டிய சுவருக்கும் உரியது. யாழ்ப்பாணத்துத் தமிழரிடம் பேசியிருக்கிறீர்களா? ‘வடிவாகச் செய்யுங்கோ’ என்பார்கள். உருவத்தின் அழகைக் குறிக்கும் வடிவு என்னும் சொல்லைச் செயலின் ஒழுங்கிற்கும் அவர்கள் விரித்துக்கொண்டார்கள். நம்மைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

இனித் திருத்தம். இதற்காகத்தானே இவ்வளவும்!

திருந்து என்பது தன்வினை. திருத்து என்பது பிறவினை. திருத்தம் என்பது அதன் தொழிற்பெயரும் பயனும். காட்டைத் திருத்தினார்கள் என்றால், கல்லையும் முள்ளையும் களைந்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்பி, விளைநிலம் ஆக்கினார்கள் என்று பொருள். திருவரங்கம் பக்கத்து வைணவ இல்லங்களில் காய் நறுக்குவதைக் காய் திருத்துவது என்பார்கள். தோலும் காம்பும் நீக்கி உண்ணத்தக்கதாக ஆக்குவது. திருந்திய நடை, திருந்திய பேச்சு, திருத்தமான முகம் என்றெல்லாம் நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். ஆக, ஒரு பொருள் தன் முழுமையை அடைய என்னென்ன செய்ய வேண்டுமோ அவையெல்லாம் செய்யப்பட்டு நிற்கும் நிலையே திருத்தம்.

இவ்வளவு உயர்ந்த சொல்லைக் கெடுத்தது யார்? ஆங்கிலம் அன்று. ஆட்சியாளரும் அல்லர். நாங்கள்! ஆசிரியர்கள்! விடைத்தாள் திருத்துவது, பிழை திருத்துவது, திருத்தி எழுதிக்கொண்டு வருவது என்று ஆண்டு முழுவதும் அச்சொல்லைச் சிவப்பு மைக்குள்ளேயே தோய்த்து வைத்திருந்தோம். திருத்தம் என்றவுடன் குழந்தையின் உள்ளத்தில் தோன்றுவது விளைநிலம் அன்று. சுழித்த வட்டமும் குறைந்த மதிப்பெண்ணுமே. அந்தச் சிறுமி அழுததில் வியப்பே இல்லை. சொல்லைக் கொன்றவன் அதே சொல்லால் பாராட்டினால் எப்படி எடுபடும்?

இங்கே ஓர் இலக்கணச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கொட்டாவி விட வேண்டா, நீளாது. ஆங்கிலத்தில் அடைமொழி என்பது தனிச் சொல்வகை. அதனைப் பெயருக்கு முன்னால் ஒட்டவைத்தால் போதும். தமிழில் பண்பைச் சொல்வதற்குப் பண்புப்பெயர்கள் உண்டு. தொல்காப்பியர் இயலொன்று வகுத்துக் கூறிய உரிச்சொற்கள் உண்டு. இவை தவிர நம் நாவில் நாள்தோறும் புரளும் அடைகளில் பெரும்பாலானவை வினையின் வயிற்றில் பிறந்தவை. திருந்திய எழுத்து, படிந்த முடி, நிரவிய தரை, துலக்கிய குடம், அடுக்கிய விறகு. பெயரெச்சம் என்று இவற்றைச் சொல்கிறோம். குடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், அதற்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே தமிழ் விடை சொல்லும். துலக்கிய குடம் என்றவுடன் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்த ஒரு கை நம் கண்முன் வந்துவிடுகிறது. ‘நீட்டான குடம்’ என்பதில் அந்தக் கை எங்கே? உழைத்தவரை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் பாராட்டும் சொல்லாக அது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்வூரிலேயே அதற்குச் சான்று உண்டு. கோடம்பாக்கம் என்றால் உலகம் திரைப்படத்தை நினைக்கிறது. 1948இல் ஏ.வி.எம். படநிலையம் காரைக்குடியிலிருந்து இப்பகுதிக்கு வந்த பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக இங்கே படநிலையங்கள் பெருகின. அவற்றிலே நடித்தவர்களின் பெயர்களை நாடே அறியும். அரண்மனையும் குடிசையும் கோயிலும் சிறைச்சாலையும் மரத்தாலே கட்டிக்கொடுத்த தச்சர்களை யாரும் அறியார். அவர்களுள் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் என் தெருவில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். என் பொத்தகப் பேழைக்குக் கதவு போட அவரிடம் போயிருந்தேன். அவரிடம் வேலை கற்கும் பையன் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து நீட்டி, “பெரியப்பா, நீட்டா முடிச்சிட்டேன்” என்றான். கிழவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்:

“நீட்டு இருக்கட்டும்டா. இழைப்பு ஒரே சீரா ஓடியிருக்கா? மூலைமட்டம் வெச்சுப் பார்த்தியா? பொருத்துவாயில நகம் நுழையுது பாரு!”

நான் அசந்து நின்றுவிட்டேன். பையனின் ஒரு சொல்லுக்கு எதிரே கிழவர் மூன்று கேள்விகளை வைத்தார். மூன்றும் மூன்று வகை ஒழுங்குகள். மேற்பரப்பின் ஒழுங்கு ஒன்று; கோணத்தின் ஒழுங்கு ஒன்று; சேர்க்கையின் ஒழுங்கு ஒன்று. ‘நீட்டு’ என்று சொல்லி அவரும் தலையாட்டியிருந்தால் அந்தப் பையன் தச்சன் ஆகமாட்டான். என் பேழைக்கதவும் மூடாது.

நன்னூலார் பாயிரத்தில் ஓர் உவமை வைத்திருக்கிறார். மரத்தின் கோணலைத் தச்சர் நூலிட்டுப் போக்குவதுபோல மாந்தர் நெஞ்சின் கோணலைப் போக்குவது நூல் என்பார். தச்சர் நூலில் வண்ணம் தோய்த்து, மரத்தின்மேல் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படிந்த கோட்டுக்கு வெளியே உள்ளதெல்லாம் கழிய வேண்டியது. கற்றோர் எழுதும் நூலுக்கு அப்பெயர் பொருந்துவதற்கு இலக்கண ஆசிரியர் தச்சுப்பட்டறையில் விளக்கம் தேடினார். நாமோ பட்டறைக்குள்ளேயே ஆங்கிலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும், சினம் கொள்ளாதீர்கள். நாம் தனித்தமிழ் பேசுகிறோம். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிவைத்த பயணம் இது. இங்கிருந்து மின்தொடர்வண்டியில் ஏறினால் சிறிது நேரத்தில் இறங்கிவிடக்கூடிய பல்லாவரத்தில் அப்பெருமகனார் வாழ்ந்தார். அவ்வழியில் நடக்கும் நாம் என்ன செய்கிறோம்? ‘சுத்தம்’ என்பதை விலக்கினோம், சரி. ‘கிளீன்’ என்பதை விலக்கினோம், மிகச் சரி. விலக்கிய இடமெல்லாம் ‘தூய்மை’ என்ற ஒரே சொல்லை வைத்து அடைக்கிறோம். தூய்மையான கையெழுத்தாம், தூய்மையான வரிசையாம், தூய்மையான தையலாம்! இது ‘நீட்டு’க்குத் தமிழ்ச் சட்டை மாட்டியது போலத்தான். தூய்மை என்பது அழுக்கும் கலப்பும் இல்லாமை. வள்ளுவர் உடலின் தூய்மைக்கு நீரையும் உள்ளத்தின் தூய்மைக்கு வாய்மையையும் சொன்னார். வினைத்தூய்மை என்று ஓர் அதிகாரம் வகுத்தவர், அதனோடு நில்லாமல் வினைத்திட்பம் என்று அடுத்ததை வேறாக வகுத்தார். தூய்மை வேறு, திட்பம் வேறு என்பதை அறிந்தவர் அவர். அறிந்தும் அறியாதவர்களாய் நாம் இருக்கிறோம்.

துப்புரவு என்னும் சொல்லின் கதை இதனினும் வருத்தம் தருவது. திருக்குறளில் துப்புரவு என்றால் உணவு முதலிய நுகர்பொருள்கள். துறவிக்குத் துணைநிற்கும் இல்லறத்தான் கொடுப்பது துப்புரவு. பிற்காலத்தில் அது சீர்மையையும் அழுக்கின்மையையும் குறிக்கலாயிற்று. எவ்வளவு உயர்ந்த குடியில் பிறந்த சொல்! தெருவைக் கூட்டிக் குப்பை அள்ளிய மக்களுக்கு அதைப் பெயரில் சேர்த்தார்கள். அம்மக்களைச் சாதியால் இழிவாக நடத்திய குமுகாயம், அந்த இழிவை அச்சொல்லின்மேலும் அப்பிற்று. இப்போது ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். அவர்களை மதிப்பாக அழைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆயின், கையுறையின்றிச் சாக்கடைக்குள் மாந்தரை இறக்குவது நிற்காதவரை, இந்தப் புதுச் சொல்லும் இருபது ஆண்டுகளில் அழுக்காகிவிடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். சொல்லின்மேல் அழுக்கு இல்லை, நம்மீது இருக்கிறது.

சரி, அந்தச் சிறுமியின் செய்திக்கு வருகிறேன். பாதியில் விட்டுவிட்டேன்.

அந்நிகழ்ச்சிக்கு மூன்றாம் நாள் மாலை நிலையத்திற்குப் போகும் வழியில் அவளுடைய தாயாரைக் கண்டேன். கூடையருகே அமர்ந்து கனகாம்பரமும் மல்லிகையும் கலந்து கட்டிக்கொண்டிருந்தார். செய்யாற்றுப் பக்கத்து ஊரிலிருந்து வாழவந்தவர். பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதித்ததில்லை என்று பின்னர் அறிந்தேன். என்னைக் கண்டதும் எழுந்துகொள்ள முயன்றார். “உட்காருங்கம்மா” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஐயா, முந்தாநேத்து ராவெல்லாம் ஒரே அழுகை. நோட்டைத் தூக்கிக்கினு வந்து, எழுத்து திருத்தம்னு எழுதியிருக்காரும்மான்னு படிச்சா. அடி பைத்தியமே, அதுக்கு ஏன்டி அழுவுற, உன்னை மெச்சியிருக்காருடின்னேன். நான் பூவைத் திருத்தமா கட்டுடி, கண்ணிக்குக் கண்ணி ஒத்து இருக்கணும்டின்னு தினம் சொல்றேனே, அது காதுல ஏறலியான்னேன். நம்பவே மாட்டேன்னுட்டாங்க ஐயா. பள்ளிக்கூடத்துத் திருத்தம் வேறம்மான்னுட்டா!”

பள்ளிக்கூடத்துத் திருத்தம் வேறு! இந்த ஒரு தொடரை நான் எத்தனை இரவுகள் எண்ணியிருப்பேன் என்று சொல்ல முடியாது. எழுத்தறியாத தாயின் வாயில் அச்சொல் முழுப்பொருளோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. விரலிடையில் நார் ஓடும் விரைவில், இப்பக்கம் இரண்டு பூ, அப்பக்கம் இரண்டு பூ, ஒரு முடிச்சு, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி ஒன்றே, காம்பு வெளியே தெரியக்கூடாது, நார் தளரக்கூடாது. இவ்வளவும் அவருக்குத் திருத்தம். அதைக் கேட்டு வளர்ந்த மகள் பள்ளிக்கு வந்து, அங்கே அச்சொல்லுக்கு வேறு பொருள் என்று கற்றுக்கொண்டு போய், தன் தாயின் தமிழை நம்ப மறுக்கிறாள். கற்பித்தவன் நான்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒன்று செய்து வருகிறேன். ஒற்றைச் சொல்லில் ‘நன்று’ என்று எழுதி ஒதுங்குவதையும் விட்டுவிட்டேன். ‘எழுத்துகள் கோட்டின்மேல் நிற்கின்றன’, ‘சொல்லுக்குச் சொல் இடைவெளி ஒத்திருக்கிறது’, ‘பத்தி பிரித்த முறை செப்பம்’, ‘ஏட்டின் ஓரம் மடியாமல் வைத்திருக்கிறாய், பாங்கு’ என்று கண்டதைக் கண்டவாறு எழுதுகிறேன். கை வலிக்கிறது. நாற்பத்தைந்து ஏடுகளுக்கு இப்படி எழுதினால் இரவு பதினொரு மணியாகிறது. என்னுடன் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர், “ஐயா, ஒரு முத்திரை செய்துகொண்டால் எளிதாயிற்றே” என்றார். முத்திரை குத்திக் குத்தித்தான் இந்நிலைக்கு வந்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவருக்கும் வேலைச்சுமை மிகுதி, பேசாமல் இருந்துவிட்டேன்.

பிழை காட்டும் இடத்தில் இப்போது திருத்தம் என்று எழுதுவதில்லை. பிழை என்றே எழுதுகிறேன். திருத்தம் என்பதைப் பாராட்டுக்கென்று தனியே எடுத்து வைத்திருக்கிறேன். முதல் இரண்டு திங்கள்கள் வகுப்பில் பெருங்குழப்பம். இப்போது பையன்களுக்குள், “எனக்கு ரெண்டு திருத்தம், உனக்கு எத்தனை?” என்று போட்டி நடப்பதைக் கேட்கிறேன். அதிலும் ‘ரெண்டு’ என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அவையில் தையல் தொழில் செய்வோர் இருக்கிறீர்கள், அச்சகத்தார் இருக்கிறீர்கள், உணவுக்கடையில் வேலை பார்ப்போரும், நாளும் கோலமிடும் தாய்மாரும் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலில் ஒரு வேலை பாங்காக முடிந்துவிட்டால் அதை உங்கள் தாயும் தந்தையும் என்ன சொல்லி மெச்சினார்கள்? அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி, எந்த வேலைக்கு என்பதையும் எழுதி, வாயிலில் நிற்கும் என் மாணவர்களிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பூக்கார அம்மையாரின் மகளும் அங்கே ஓர் ஏட்டோடு நிற்கிறாள். எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அவளுக்கு விளங்கும்படி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்.